மெருகு குலையாத பற்கள்

மற்றவர்கள் பிறருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள்; அவள் வாயைப் பார்த்துப் பேசுவாள். தொழில் அப்படி. பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் அச்சுகளைக் கொண்டு பல் செட்டுகள் செய்து கொடுக்கும் கூடமொன்றில் அவள் திருமணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்து வந்தாள். பேருந்தில் எதிரே அமர்ந்து சிரிப்பவருடைய பல் சொந்தப் பல்லா, கட்டிய பல்லா என்பதை அவர் இறங்குவதற்குள் கண்டுகொள்வாள்.

அன்று அந்த ஏரிக்கரைச் சாலையோர உணவகத்தில் அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது தன்னைப் பெற்ற தந்தையின் வாயை.

மேசையின் நடுவே வாட்டிய வாத்து ஒன்று காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. தந்தை அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தார், வாயில் வைத்தார், தாடை ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான். கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் பதுக்கினார்.

"வாத்து சரியில்லம்மா" என்றார்.

சரியில்லாதது வாத்தா, அவர் வாயிலிருந்த பல் செட்டா? அந்தச் செட்டைச் செய்தவள் அவளேதான்.

"மாமா சொல்றது நிஜம்தான்" என்று அவளுடைய கணவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். டயர்க் கடை வைத்திருப்பவன் அவன். பயணத்தில் எந்த ஊரில் எதைச் சாப்பிடுவது என்பதைக் கைபேசியில் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பைத் தானாகவே தலைமேல் போட்டுக்கொண்டவனும் அவன்தான்.

"மாப்பிள்ளை, உங்க கடைச் சரக்கு இங்க எப்படி வந்துச்சு?" என்று மாமனார் கேட்டார்.

"நாலரை நட்சத்திரம் போட்டிருந்தாங்க மாமா!"

"போட்டவங்க வாத்தைத் தின்னுட்டுப் போட்டாங்களா, இல்ல ஏரியில அது நீந்தறதப் பாத்துட்டுப் போட்டாங்களா?" என்றாள் அவளுடைய தாய். சொல்லிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் ஊறவைத்துக் கணவருக்கு முன்னால் நகர்த்தினாள். அவரும் மறுபேச்சின்றி அதைக் கரண்டியால் அள்ளி விழுங்கினார்.

அந்த ஊறவைத்த ரொட்டிதான் மகளின் நெஞ்சைக் குத்தியது.

தந்தை ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். வாட்டசாட்டமான ஆள். பற்களெல்லாம் ஆட்டங்கண்டு, எடுத்தே தீரவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, "புதுப்பல் வந்ததும் மொதல் வேலையா நல்லா முறுகலா வாட்டின வாத்து ஒண்ணு சாப்பிடணும், சொல்லிட்டேன்" என்று நாற்காலியில் சாய்ந்தபடியே அறிவித்தவர். ஈறு ஆறும்வரை கஞ்சி குடித்தார். பிறகு புதுப்பல்லும் வந்தது. ஆனால் கஞ்சி நிற்கவில்லை. உடம்பு மளமளவென்று இளைத்தது. இடுப்பு வாரில் அவரே ஆணியால் புதுத்துளை ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். மகள் கேட்கும்போதெல்லாம் ஒரே விடைதான்: "பல்லா? பிரமாதம்! உள்ளே இருக்கறதே தெரியல."

வலியை மறைக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தச் செட்டை அவள் வேறொருவர் கைக்கு விடவில்லை. மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, முன்பல் ஒன்றை அவருடைய பழைய பல் சாய்ந்திருந்ததைப் போலவே சற்றுச் சாய்த்து, கடைவாய்ப் பற்களின் மேடு பள்ளங்களை விளக்கடியில் வைத்துத் திருத்தித் திருத்திச் செய்தாள். கூடத்துத் தலைமைக்காரரே கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "உன் அப்பாவப் பாத்துப் பொறாமைப்படறேன்" என்றார். இப்போதோ ஊரார் வாய்க்கெல்லாம் பொருந்தும் தன் கைவேலை பெற்ற தகப்பன் வாய்க்குப் பொருந்தவில்லையோ என்ற நினைப்பு அவளை அரித்துத் தின்றது. இந்தப் பயணத்தை அவள் ஏற்பாடு செய்ததே அதற்காகத்தான். வாத்துக்குப் பேர்போன சாலை. அவர் ஆசைப்பட்ட உணவு. அதையும் அவர் கடிக்கவில்லை என்றால் குற்றம் தன் கைமேல்தான் என்று மனத்துக்குள் தீர்மானித்திருந்தாள்.

அன்று மாலை தங்கும் விடுதியில், தந்தை முகம் கழுவக் கழற்றி வைத்த பல் செட்டை, "நான் சுத்தம் பண்ணித் தரேன்பா" என்று வாங்கிக்கொண்டு போனாள். கை நழுவினாலும் உடையாதபடி கழுவுதொட்டியில் துவாலையை மடித்து விரித்தாள். பிறகு விளக்குக்கு நேரே செட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

கடைவாய்ப் பற்கள் பளபளவென்று மின்னின. ஒரு கீறல் இல்லை. ஒரு மங்கல் இல்லை. மென்று தின்கிற வாயில் இத்தனை மாதம் இருந்த பற்களின் மேடுகளில் மெருகு சிறிதேனும் குலைந்திருக்க வேண்டும். இவையோ அவள் மெருகேற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்த நிலையிலேயே இருந்தன.

அவர் ஒரு கவளத்தைக்கூட இந்தப் பற்களால் மென்றதில்லை.

குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடவும் தோன்றாமல் நின்றாள்.

"என்னம்மா, அவ்வளவு அழுக்கா?" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

"இல்லப்பா. அழுக்கே இல்ல."

மறுநாள் மதியம் இரண்டாவது உணவகம். அங்கே வாத்து டயர் இல்லை, சருகு. எந்தக் காலத்திலோ வாட்டி, மீண்டும் மீண்டும் சூடேற்றி வைத்திருந்தார்கள். தோல் உரிந்து தனியே கிடக்க, கறி பஞ்சுபோல் நூல் நூலாக வந்தது. தந்தை அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு சூப் போதும்" என்றார். கணவன் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"இனிமே நட்சத்திரத்த நம்பறதா இல்ல அத்தை. நீங்களே ஒரு கடையக் காட்டுங்க."

"எனக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை? என் கண்ணுல படற கடையில எல்லாம் வாத்து கண்ணாடிக்குப் பின்னால அழகாத்தான் தொங்குது. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி."

தாய் விளையாட்டாகச் சொன்னதில் உண்மை இருந்தது. மாலைப் பொழுதில் அவர்கள் நடந்துபோன கடைத்தெருவில் உணவகத்துக்கு உணவகம் கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே மினுக்கு. கணவன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று வாத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அடுத்ததற்கு நகர்ந்தான்.

அவள் வாத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல வாயைத்தான் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று அவளுக்குப் புலப்பட்டது.

முதல் கடையில் உண்பவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கன்னத்தில் கை வைத்திருந்தார். மெல்ல முடியாததை மெல்லுகிறவர்களின் தாடை அப்படித்தான் போகும். அடுத்த கடையில் கவளத்துக்குக் கவளம் தண்ணீர்க் குவளையைத் தூக்கினார்கள், கறி வறட்சி. அதற்கடுத்ததில் மேசைதோறும் பாதி வாத்து தட்டிலேயே கிடந்தது. பேச்சு மட்டும் பலமாக இருந்தது.

தெருமுனையில் பெயர்ப்பலகையின் விளக்குகூடப் பாதி எரியாத சிறு கடை ஒன்று. அவள் கண்ணாடியருகே போய் நின்றாள். உள்ளே யாரும் பேசவில்லை. தாடைகள் மேலும் கீழும் சீராக, அவசரமின்றி, நேராக இறங்கி நேராக ஏறின. தட்டுகளில் எலும்புகள் வழித்தெடுத்தாற்போல் வெள்ளையாகக் கிடந்தன. மூலை மேசையில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் வாத்துக்காலை இரு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்தபோது அவள் கண்டுகொண்டாள்: மேலும் கீழும் முழுச் செட்டு!

"இங்கதான்" என்றாள்.

"இதுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லையே" என்றான் கணவன்.

"மூலையில ஒரு முழுச் செட்டு சாட்சி சொல்லுது. வாங்க உள்ள."

உள்ளே நுழைந்து அமர்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. இதுவரை வாத்தின் மேல் பழிபோடவாவது ஓர் இடமிருந்தது. இங்கே, இன்னொருவருடைய கட்டிய பல் காலையே கடித்துத் தின்கிற இடத்தில், தன் தந்தையால் முடியவில்லை என்றால்?

வாத்து வந்தது. பரிமாறுபவர் கத்தியை வைத்ததுமே தோல் சடசடவென்று வெடித்தது. உள்ளிருந்து கொழுப்பும் ஆவியும் ஒன்றாகக் கிளம்பின. தாய் மூக்கை இழுத்து, "அப்பாடா, இது வாத்து" என்றாள். கணவன் யாரையும் கேட்காமல் தின்னத் தொடங்கினான்.

தந்தை தட்டையே பார்த்தபடி இருந்தார். பிறகு, மொறுமொறுத்த தோலையெல்லாம் ஓரமாக ஒதுக்கி, நெஞ்சுப் பகுதியின் மெத்தென்ற கறியில் நகக்கண் அளவு கிள்ளி வாயில் வைத்து, மேலண்ணத்தில் நாக்கால் அழுத்தி விழுங்கினார்.

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து சிறு அரத்தையும், பல் இடிக்கும் இடத்தைக் காட்டும் நீலத்தாளையும் எடுத்து வாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, போதும். கழட்டுங்க. எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க, இப்பவே சரி பண்றேன்."

"என்னடி இது, சாப்பிடற எடத்துல அரம்?" என்றாள் தாய்.

"வலிக்குதும்மா அவருக்கு! என் மனசு நோகும்னு வாயத் திறக்காம பட்டினி கெடக்கறாரு. நேத்து பாத்தேன், ஒரு பல்லுலகூட மென்ன அடையாளமே இல்ல. நான் செஞ்சது சரியில்லைன்னா சொல்லிட வேண்டியதுதானே? வேற ஆளு கையால செஞ்சு போட்டுக்க வேண்டியதுதானே?" குரல் உடைந்தது.

தந்தையின் பார்வையோ மகளிடம் இல்லை, அரத்தில் இருந்தது. அவர் முகம் வெளிறியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அரத்த உள்ள வை! தேய்க்கறேன்னு எதையாவது தேய்ச்சுடாதம்மா!"

"வலிக்குதுல்ல?"

"யாருக்கு வலிக்குது? இழைச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்கு."

"அப்ப ஏன்பா கடிக்க மாட்டேங்கறீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். திருட்டில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தேஞ்சு போயிடுமேன்னுதான்."

"என்னது?"

"ஒவ்வொரு பல்லா வெளக்கு வெளிச்சத்துல வெச்சு நீ அடுக்கினியாம்ல, உங்கம்மா சொன்னா. கழுத்து வலியில தைலம் தேச்சுக்கிட்டுத் தூங்கினியாம். அத வெச்சுக்கிட்டு நான் எலும்பக் கடிக்கறதா? பேசறதுக்கு, நாலு பேரு முன்னால சிரிக்கறதுக்கு இருக்கட்டும்னு பாத்துப் பாத்து வெச்சிருந்தேன். வாத்துக்கு மட்டும் ஒரு நாள் கடிச்சுக்கலாம்னு மொத கடையில வாய் வெச்சேன். அது டயர். ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா உன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

முதலில் சிரித்தவள் தாய்தான்.

"புதுக் கொடைய வீட்டுல பத்திரமா வெச்சுட்டு மழையில தொப்பலா நனஞ்சு வருவாரே, அந்த ஆளுதானே! கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட வாட்ச், இன்னும் பெட்டிக்குள்ள புதுசா இருக்கு. இதுதான் காரணம்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஈறு கூசுது, கஞ்சி வையின்னாரு, வெச்சேன்."

"கிடங்குல வேல பாத்த கை அப்படித்தான் இருக்கும்" என்று தந்தை முனகினார். "கைவசம் மாத்து இல்லாத சாமான வெளிய விடக் கூடாது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம், ஒரு வாத்துக்கு முன்னால், இப்படிப் பொசுக்கென்று இறங்கும் என்று அவள் கனவிலும் எண்ணவில்லை.

"அப்பா, உங்க வாயோட அச்சு எங்க கூடத்துல என் அலமாரியிலதான் இருக்கு. தேஞ்சாலும் சரி, ஒடஞ்சாலும் சரி, அதே மாதிரி இன்னொண்ணு செய்வேன். அந்தச் சாஞ்ச பல்லு உட்பட."

தந்தை நிமிர்ந்தார். "அச்சு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஸ்பேர் இருக்குன்னு சொல்லு!"

"இருக்குப்பா."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒரு மனுஷன இத்தன நாள் கஞ்சி குடிக்க விட்டியே, பாவி!" என்றவர் மாப்பிள்ளையின் தட்டை நோக்கிப் பாய்ந்து கையை நீட்டினார். "மாப்பிள்ளை, அந்தக் காலு என்னோடது. வையுங்க கீழ."

"மாமா, பாதி கடிச்சுட்டேன்."

"மீதி பாதி எங்க போச்சு? குடுங்க இப்படி."

கடித்தார். சடக் என்று தோல் முறிந்த ஓசை மேசைக்கு மேசை கேட்டிருக்கும். தாடை மேலும் கீழும், நேராக, சீராக, அவசரமின்றி அசைந்தது. மூலையிலிருந்த வழுக்கைத் தலைப் பெரியவர் திரும்பிப் பார்த்து, ஒத்த தொழில்காரரைக் கண்டவர்போல் தலையசைத்தார். தந்தையும் வாய் நிறைய வாத்தோடு தலையசைத்தார்.

அவள் அரத்தையும் நீலத்தாளையும் பைக்குள் போட்டாள். அப்போதுதான் தன் தட்டில் கை வைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பசி திடீரென்று காதை அடைத்தது. பார்த்தால் வாத்து முடிந்திருந்தது. தாய் அதற்குள் பரிமாறுபவரைக் கைதட்டி அழைத்து, "இன்னொரு வாத்து" என்று சொல்லியிருந்தாள்.

உண்டு முடித்ததும் அவள் கைகழுவும் இடத்தில் நின்று தந்தையின் பல் செட்டை வாங்கி அலசினாள். கடைவாய்ப் பல்லின் மேட்டில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது. அவளுக்கு அதைவிட அழகான கீறலைப் பார்த்த நினைவில்லை.

பின்னால் வந்து நின்ற தந்தை பொக்கைவாயால், "தேஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"தேஞ்சிருக்குப்பா."

"நல்லது. நாளைக்குத் திரும்பற வழியில இன்னொரு கடை பாரு. மாப்பிள்ளை கையில போனக் குடுக்காத; நீயே எறங்கி வாயப் பாத்துச் சொல்லு."