திறக்க ஏழு நிமிடம்

…அப்படியென்றால் வீண் என்று எழுதியது பிழையா, பிழை இல்லையே, பத்து நாள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே எழுதினாள், மடவளையில் ஹலீம் நானாவின் அச்சகத்தில் உள்ள நாலு கணினிகளும் காலை எட்டரைக்குப் போட்டால் திறக்க ஏழு நிமிடம், யாரும் கேட்காத காலநிலையையும் செய்தியையும் விளையாட்டுகளையும் சுமந்துகொண்டு முக்கி முனகித்தான் எழும்பும், கல்யாணக் கார்டும் பள்ளிவாசல் நோட்டீஸும் அடிக்கிற கடைக்கு அதெல்லாம் எதற்கு, சின்னதாய் ஓர் இயங்குதளம் போதாதா… மாலை வகுப்பில் சொல்லித்தந்தபடி கொப்பியில் தேவை, தேவையில்லை என்று கோடு கீறி இரண்டு நிரல் போட்டு, தேவையானதை மட்டும் வைத்த இயங்குதளத்தை நேற்று ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பரீட்சித்துப் பார்த்தாள் நடாஷா. இருபது வினாடி. ஹலீம் நானா தொடையில் தட்டினார், பாருங்களே, குதிர மாதிரி எழும்புது, நாளண்டக்கிக் காலையில ஒங்கட முடிவச் சொல்லுங்க மகள், சரியெண்டா நாலுக்கும் அதயே போடுவம், மெஷின் பாக்கிற வேலயும் ஒங்களுக்குத்தான். ஒருவர் அவளை நம்பித் தரும் முதல் வேலை. நேற்றுச் சொன்ன நாளண்டைக்கு என்றால் நாளைக் காலை.

வகுப்புக்குப் போகிற பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நின்றுவிட்டது, வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது, யோசிக்கலாம், யோசித்தால்தான் சந்தேகம் வருகிறது… இன்று காலை அந்தக் கணினியில் உட்கார்ந்தது தட்டச்சு செய்கிற பாயிஸா ராத்தா. தெறந்திட்டுத்தானே பாயிஸா, என்னத்தப் பாத்துக்கிட்டு ஈக்கிற, என்றார் நானா. ராத்தா கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டார். பை இரண்டு தரம் அதிர்ந்து அடங்கியது. பின்னேரம் கேட்டபோது சிரித்தார், ஒண்டுமில்ல மகள், டோஹாவில எங்கட அவர் வேலைக்கிப் போக முந்தி அந்த நேரந்தான் எடுப்பார், கம்பியூட்டர் தெறக்கிற வரைக்கும் பேசிட்டு வெச்சிடுவன், இப்ப ஒங்கட மெஷினுக்கு என்னய விட அவசரம்.

மற்ற மூன்றையும் மாற்றிவிட்டு ராத்தாவின் கணினியை மட்டும் பழையபடி விடலாமா, அது வருஷக் கடைசிவரைகூடத் தாங்காது. புதியதையே மெதுவாகத் திறக்கவைக்கலாம், ஒரு வரி எழுதினால் போதும், அது ஏமாற்று. ராத்தாவுக்கு ஏழு நிமிடம் கொடுங்கள் என்று நானாவிடம் சொன்னால்… கொடுப்பார், ஒரு கிழமை, பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார். இயங்குதளம் சரிதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் உறுத்துகிறது.

கொப்பியைத் திறந்தாள். பத்து நாளும் எட்டரைக்கு எதிரே ஒரே சொல், வீண். அந்த நேரத்தில்தான் ராத்தா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பணிஸைப் பிய்த்துப் பாதியை அவள் பக்கம் தள்ளுவார், சாப்பிடாம வந்தீங்களா என்று வாயசைப்பில் கேட்பார், அவளும் பிளேன்டீயில் தோய்த்துச் சாப்பிட்டபடியே வீண் என்று எழுதியிருக்கிறாள், பத்து நாளும்… பஸ் அசைந்தது. தேவை, தேவையில்லை, இரண்டு நிரலும் நேராக, அடிமட்டம் வைத்துக் கீறியவை. யாருக்கு என்று ஒரு நிரல் போடவே இல்லை. இனிப் போட அந்தப் பக்கத்தில் இடமும் இல்லை.