காற்றுப் படத்தை அழுத்தியபோது

கடலில் இருக்கும் படகுகள் மீனவர் சங்கத்தோடு பேசுவதைக் கேட்க வேண்டுமாயின், முன்பெல்லாம் சங்க அறையின் வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே ரகுபதி ஒயர்லெஸ் பெட்டியின் முன் அமர்ந்திருப்பார். வெளியே, வெயிலானாலும் மழையானாலும், கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் சுவரோரமாகக் காத்துக் கிடப்பார்கள். அந்த நிலையை மாற்றியவள் மோகனப்ரியா. பெட்டியோடு ஒரு பழைய கணினியை இணைத்து, அந்தக் குரல் இணையத்தில் ஒரு பக்கத்தின் வழியாக எந்தக் கைப்பேசியிலும் கேட்கும்படி அவள் செய்து கொடுத்தாள். அதன் பின்னர்க் குப்பத்துப் பெண்கள் மீன் விற்றுக்கொண்டும் சோறு வடித்துக்கொண்டும் கடலின் பேச்சைக் கேட்டார்கள்.

மோகனப்ரியா படகுக்காரர் பொன்ராஜின் மகள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விளக்கக் குறிப்புகள் எழுதும் பணியில் இருந்தாள். அங்கே எழுதுவதைப் போலவே சங்கத்தின் பக்கத்தையும் மார்க்டவுன் என்னும் எளிய முறையில் எழுதினாள். அம்முறையில் ஓர் இணைப்பைத் தருவது மிகச் சுலபம். சதுர அடைப்புக்குறிக்குள் பெயர். அதை ஒட்டி வளைந்த அடைப்புக்குறிக்குள் முகவரி. வேறொன்றும் வேண்டியதில்லை. பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு பச்சை வட்டம். அதை அழுத்தினால் குரல் கேட்கும். அதன் கீழே ‘காற்றுப் படம்’ என்றோர் இணைப்பு. அதை அழுத்தினால், கடலின் மேல் காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை ஓடும் கோடுகளாகக் காட்டும் வேறொரு தளம் திறக்கும்.

அந்தத் தளம் குரல் இருந்த அதே இடத்தில் திறந்தது. அது திறந்ததும் குரலின் பக்கம் போய்விடும்.

இதை அவளிடம் சொன்னவள் கோவிந்தம்மா. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவளுடைய ஒரே மகன் திலீப், பொன்ராஜின் படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒரு நாள் மாலை மார்க்கெட் வழியாக வந்த மோகனப்ரியாவை அவள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“கண்ணு, அந்தக் காத்துப் படத்த அமுக்குனா கொரலு பூடுது.”

“பின்னாடி போற அம்பு ஒண்ணு இருக்கும் பாருங்க அத்தை, அத அமுக்குங்க. வந்துடும்.”

“வந்துட்டு ஊமையாட்டம் சும்மா கீது. மறுபடி பச்சைய தேடணும். படம் தனியா ஒரு பக்கம் தொறக்கட்டும், கொரலு அது பாட்டுக்கு ஓடிகினு கெடக்கட்டும். அப்டி வைக்க முடியாதா?”

“விரலை அது மேல கொஞ்ச நேரம் அழுத்தி வெச்சிருந்தா, புது டேப்புல தொறக்கவான்னு அதுவே கேக்கும் அத்தை.”

“எங்கையி பூரா செதிலு. அதும்மேல வெச்சா அது இன்னாத்த கேக்கும்? கேட்டாலும் இங்கிலீஷ்லதான கேக்கும்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மோகனப்ரியாவும் சிரித்தாள். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செய்யாமல் விட்டதற்கு அவளிடம் காரணம் இருந்தது. படிப்பவரின் விருப்பத்தைக் கேளாமல் புதிய டேப்பைத் திறக்கலாகாது என்பது அவளுடைய நிறுவனத்தின் எழுத்து விதி. அவ்விதியைப் புதியவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பெருமிதம் தோன்றும். மேலும், புதிய டேப்பில் திற என்று சொல்வதற்கு மார்க்டவுனில் ஒரு குறியும் இல்லை. அந்த ஓர் இணைப்பை மட்டும் எச்.டி.எம்.எல். மொழியில், நீண்ட வரியாக, இடையில் செருக வேண்டும். கூட்டிப் பெருக்கிய முற்றம் போல் சுத்தமாக இருந்த தன் பக்கத்தில் அப்படியொரு வரியை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

குப்பத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. கடலில் ஒருவர் இறந்த செய்தியை ரகுபதி ஒருபோதும் ஒயர்லெஸ்ஸில் சொல்லமாட்டார். பெட்டியை அணைத்துவிடுவார். பெரியவர்கள் இருவர் எழுந்து அந்த வீட்டுக்கு நடந்து போவார்கள். ஆகவே, படகுகள் கடலில் இருக்கும் வேளையில் பெட்டி ஊமையானால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்பது அங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். மோகனப்ரியாவுக்கும் தெரியும்.

வாடைக் காற்று பலத்து வீசிய ஒரு முற்பகலில், எண்ணூருக்கு வெளியே பொன்ராஜின் படகு என்ஜின் பழுதாகி நின்றது. அன்று பொன்ராஜுக்கு முழங்கால் வீக்கம். அவர் கரையில் இருந்தார். படகில் திலீப்பும் வேறு இருவரும் இருந்தார்கள். “பொன்ராஜ் போட்டு, எங்க கீறீங்க? பொன்ராஜ் போட்டு” என்று ரகுபதி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை.

கோவிந்தம்மா மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். படகு கரைப் பக்கம் தள்ளப்படுகிறதா, ஆழத்துக்குப் போகிறதா என்று அறிய அவள் மனம் பதறியது. எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கோடுகளின் ஓட்டம் அவளுக்குப் புரியும். ஆகவே காற்றுப் படத்தை அழுத்தினாள்.

குரல் நின்றது.

முன்பு பலமுறை அப்படி நின்றதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. ரகுபதி பெட்டியை அணைத்துவிட்டார் என்றே கொண்டாள். கூடையைக் கவிழ்த்தாள். கூந்தலை அவிழ்த்துக்கொண்டு, மீன் கழுவிய நீர் ஓடும் தரையில் அமர்ந்து, பெற்ற மகனின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள்.

அதே நேரத்தில் மற்ற கைப்பேசிகளில் ரகுபதியின் குரல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வருகிறது, மூவரும் நலம். அதைச் சொல்ல ஓடி வந்த பெண்கள் அவள் இருந்த கோலத்தைக் கண்டு திகைத்தார்கள். பின்னர் ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு மற்றவர்களுக்கும் பரவியது.

மாலையில் சங்க அறையில் கூட்டம் கூடியது. படகில் திலீப்போடு சென்ற இருவரும் ஒரே பேச்சாக நின்றார்கள். “உசுரோட கீறவனுக்கு பெத்தவளே சாவுப் பாட்டு பாடி முடிச்சுட்டா. அந்த ஆள ஏத்திகினு போட்டு எடுக்க மாட்டோம்ணே.” பொன்ராஜும் அதை மறுக்கவில்லை. திலீப் சிலகாலம் கரையில் இருக்கட்டும் என்றார். திலீப் ஈரச் சட்டையோடு கதவருகே தலைகுனிந்து நின்றான். அவன் தாய் முக்காடிட்டுச் சுவரோரம் அமர்ந்திருந்தாள்.

“எனக்குக் கொரலு நின்னுபூட்சி” என்றாள் கோவிந்தம்மா.

“எங்க வூட்ல நிக்கலயே” என்றது ஒரு குரல். “உனக்கு மட்டும் எப்டி நிக்கும்? கண்டத அமுக்கினியா?”

ரகுபதி மோகனப்ரியாவின் பக்கம் திரும்பினார். “பாப்பா, பக்கத்துல எதுனா கோளாறா?”

அனைவரும் அவளைப் பார்த்தார்கள். தந்தையும் பார்த்தார்.

“பக்கம் சரியாத்தான் இருக்குண்ணே” என்றாள் அவள்.

கோவிந்தம்மா நிமிர்ந்து அவளை ஒரு முறை பார்த்தாள். உன்னிடம் முன்பே சொன்னேனே என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மீண்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று மோகனப்ரியா பிறகு பலமுறை எண்ணினாள்.

அதன் பின் மார்க்கெட்டில் பேச்சு ஓயவில்லை. “இன்னா கோவிந்தம்மா, இன்னிக்கு யாருக்குப் பாட்டு?” என்று விலை கேட்பதைப் போல் கேட்டார்கள். சில நாட்களில் அவள் அங்கே போவதை விட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே மீன் வெட்டி விற்கத் தொடங்கினாள். திலீப் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் சுமை ஏற்றும் வேலைக்குப் போனான். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அவனை மோகனப்ரியா கண்டாள். சட்டையெல்லாம் துருவின் நிறம்.

“இன்னாக்கா, ஆபீசா?” என்று அவன் எப்போதும் போலவே கேட்டான்.

“ஆமாம்பா” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க இயலாமல், வராத பேருந்தை எட்டிப் பார்த்தாள்.

அன்று அலுவலகத்தில் உணவு இடைவேளையின்போது அவள் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தாள். காற்றுப் படத்தின் அடைப்புக்குறிகளை நீக்கினாள். அவ்விடத்தில் எச்.டி.எம்.எல். வரியை எழுதி, முகவரிக்குப் பின் ‘டார்கெட்’ என்ற சொல்லையும், அதற்கு மதிப்பாக ‘பிளாங்க்’ என்ற சொல்லையும் சேர்த்தாள். சேமித்துக் கைப்பேசியில் அழுத்திப் பார்த்தாள். படம் வேறொரு டேப்பில் திறந்தது. குரல் நிற்காமல் ஓடியது. மேசை மேல் வைத்த தேநீர் அதற்குள் ஆறியிருக்கவில்லை.

வேலை கடினமாக இருந்திருந்தால் அவளுக்குச் சிறிது ஆறுதல் கிடைத்திருக்கும். ஒரு வரி. அதை எழுத மனமில்லாமல் போனது. பிறகு எழுதவில்லை என்று சொல்லவும் வாய் வராமல் போனது. இரண்டில் பின்னதே அவளை அதிகமாக அரித்தது. பக்கம் இப்போது திருந்திவிட்டது. மற்றப் பெண்கள் காற்றுப் படத்தை அழுத்துவதில்லை; அது முன்பு திருந்தாமல் இருந்தது என்பதோ அவளையும் கோவிந்தம்மாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால் ஒருநாளும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் தனக்கு ஆறுதலாக இருந்ததை உணர்ந்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

மறுநாள் காலை அவள் அலுவலகம் போகவில்லை. சங்க அறைக்குச் சென்று, மைக்கைக் கொஞ்சம் தரும்படி ரகுபதியைக் கேட்டாள்.

“இது போட்டுக்காரனுங்களுக்கு, பாப்பா. பேஜாரு பண்ணாத.”

“அவங்களும் கேக்கணும்ணே. வீட்டுல இருக்கறவங்களும் கேக்கணும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்தார்.

“நான் பொன்ராஜ் பொண்ணு மோகனப்ரியா பேசறேன். அன்னிக்கு கோவிந்தம்மா அத்தைக்குக் குரல் நின்னது அவங்க தப்பு இல்ல. காத்துப் படத்த அமுக்குனா குரல் போயிடும். நான் அப்படித்தான் வெச்சிருந்தேன். அவங்க எங்கிட்ட முன்னாடியே சொன்னாங்க, மாத்தச் சொன்னாங்க. நான் மாத்தல. சங்கத்துல கேட்டப்போ பக்கம் சரியா இருக்குன்னு சொன்னேன். அது பொய்.”

பெட்டி சிறிது நேரம் இரைந்தது. பிறகு கடலிலிருந்து யாரோ ஒருவர், “கேட்டுதும்மா” என்றார். அதைத் தொடர்ந்து இன்னொரு படகு: “அப்ப அந்தம்மா பாடுனது மிஷினுக்கா மாமு?” இரைச்சலுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது.

அவள் வெளியே வந்தபோது பொன்ராஜ் நொண்டியபடி எதிரே வந்தார். டீக்கடையில் யாருடைய கைப்பேசியிலோ கேட்டிருக்கிறார்.

“கடலுக்கே கேக்கறாப்புல சொல்லணுமா? எங்கிட்ட சொல்லியிருந்தா பத்தாதா?”

“உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க யாருக்கும் சொல்லியிருக்க மாட்டீங்கப்பா.”

அவர் கோவிந்தம்மாவின் தெருவை நோக்கி நடந்தார். ரகுபதியும் எழுந்து உடன் வந்தபோது அவரைக் கையமர்த்தினார். “நீ வராத. ரெண்டு பெரியவங்களா போனா அது பயந்துபூடும்.” மகளை மட்டும் அழைத்துப் போனார்.

கோவிந்தம்மா வாசலில் அரிவாள்மணையின் முன் அமர்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர்களைக் கண்டும் எழவில்லை.

“நாளைக்கு திலீப்ப தொழிலுக்கு அனுப்பு” என்றார் பொன்ராஜ்.

“கூட வர்றவனுங்க ராசி பாக்கறானுங்களே.”

“என் வூட்டுப் பொண்ணால வந்த அழுகை அது. ராசி பாக்கறதுன்னா என் போட்டத்தான் கரைல ஏத்திப் போடணும். அவனுங்ககிட்ட நான் பேசிக்கறேன்.” இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். தம் மகளால் ஒரு வீட்டின் முன் தலைகுனிந்து நிற்பது அவருக்கு அதுவே முதல் முறை. சொல்லி முடித்ததும் காத்திராமல் திரும்பி நடந்தார்.

மோகனப்ரியா நின்றாள். “மாத்திட்டேன் அத்தை” என்றாள்.

“காட்டு.”

அவள் தன் கைப்பேசியில் பச்சை வட்டத்தை அழுத்தினாள். ரகுபதி ஏதோ படகிடம் வலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தம்மா புடவையில் ஒரு விரலை மட்டும் துடைத்து, கையை நீட்டிக் காற்றுப் படத்தைத் தானே அழுத்தினாள். கோடுகள் வடகிழக்கிலிருந்து கரையை நோக்கி ஓடின. குரல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நம்பாதவளைப் போல வெகுநேரம் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

“கீது” என்றாள். பின்னர், “அன்னிக்கே சொன்னேன் இல்ல.”

“சொன்னீங்க அத்தை.”

கோவிந்தம்மா உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அடுத்த மீனை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினாள். தன் கைப்பேசித் திரையில் ஒட்டியிருந்த ஒரு செதிலைத் துடைக்கத் துணியாமல், மோகனப்ரியா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.