படப்புக்கு அடியில்

நிலவரியைத் திருத்த வந்த ஆபீசர், அருளப்பனின் கிணற்றின்மேல் உட்கார்ந்தார். அது கிணறு என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

புஞ்சையில் தண்ணீரைக் கண்டால் நஞ்சையாக்கி வரியை ஏற்றுவார்கள், கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும் என்று கான்சாபுரம் முழுக்க அந்த வருஷம் பேச்சு. என் தங்கச்சி அன்னாளுக்கும் அவள் புருஷன் அருளப்பனுக்கும் இருந்தது அந்த ஒரு துண்டுப் புஞ்சைதான். பாறையை உடைத்து இருவரும் வெட்டிய கிணறு. அடியில் கடப்பாரை இறங்கியபோது பூமிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவது கேட்டது. நானே கேட்டேன்.

கிணற்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? காலையில் அவசரமாக இறைத்துவிட்டு, வாய்மேல் பழைய பனஞ்சட்டங்களைப் போட்டு, சோளத்தட்டையை அடுக்கிப் படப்பாக்கிவிட்டாள் அன்னாள். பக்கத்துப் பூவரச நிழல் விழுந்த இடம். ஆபீசருக்கு அதுதான் பிடித்தது.

படப்புக்குள் தவளை கத்தியது. ஆபீசர் நிமிர்ந்தார்.

"எங்க ஊர்த் தவளை தட்டையிலதான் குடியிருக்கும் எசமான்," என்றேன். "தண்ணி அதுக்கு ஆகாது. சளி பிடிச்சிரும்."

அவர் சிரிக்கவில்லை. "கிணறு இல்லையா?"

"குடிக்கவே ஊருக்குள்ளதான் போறோம் ஐயா," என்றான் அருளப்பன்.

"வெட்டிக்கோப்பா. சொந்தமா வெட்டின கிணத்துக்குக் கூடுதல் வரி கிடையாது. மண்ணுக்குத்தான் வரி, உன் உழைப்புக்கு இல்லை."

அன்னாள் என் தோளருகே வந்தாள். "நெசமாண்ணே? இல்ல, வாயப் புடுங்குதாரா?"

வரி போட வந்தவர் வரி இல்லை என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அருளப்பன் ஓரடி முன்னே வந்தான். "அப்ப மண்ணு யாருது ஐயா? எங்களுதா, சர்க்காருதா?"

"அதைத்தான் சீமையிலேயும் பேசி முடிக்கலை," என்று ஆபீசர் வசதியாகச் சாய்ந்தார்.

அடியில் சட்டம் ஒன்று முறிந்தது. செத்த நேரம் சத்தமே இல்லை. பிறகு, ஆழத்தில், 'தொபுக்'.

ஆபீசர் அசையவில்லை. படப்பு அவரோடு மெல்லத் தாழ்ந்தது.

"ஏம்ப்பா," என்றார், மூச்சுக்கும் கேட்காத குரலில். "இதுக்கு அடியிலே என்ன இருக்கு?"

அன்னாள்தான் ஓடினாள். காலையில் நீர் இறைத்துப் புதருக்குள் ஒளித்திருந்த கமலை வடத்தை இழுத்துவந்து ஒரு நுனியை வீசினாள். அவர் பற்றிக்கொண்டார். மறுநுனி எங்கள் மூவர் கையிலும் இருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, வடத்தையே பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் புஞ்சை மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.