இழுத்துப் பார்த்தேன்

இப்போது நான் ரோபோ கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்; என் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் இழுவை மிஸ். ரோபோவில் எந்த வயரை ஸ்குரூவில் முடுக்கினாலும் உடனே பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்வேன், அதனால். பாடத்தையும் இழுப்பேன் என்பது இன்னொரு காரணம். எனக்குக் கோபமில்லை. இதற்கு முன் எனக்கு இருந்த பெயர் கருகல்.

அதை வைத்தவர் அத்தான், என் அக்கா வீட்டுக்காரர். எட்டு வருடத்துக்கு முன் பாட்டில் நிரப்பும் ஆலையில் அவர் மேற்பார்வையாளர், நான் எலக்ட்ரீஷியன். புதிய மின் பேனல் கட்டும்போது வயர் முனைகளில் எல்லாம் ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கச் சொன்னார். "இழை சிலுப்பிக்கிட்டு நிக்காம பளபளன்னு இருக்கும், ஒரு அழகுக்காக," என்றார். செம்பு இழைகள் ஸ்குரூவுக்கு அடியில் நசுங்கித்தான் பிடித்துக்கொள்ளும். சால்டர் மெத்தென்ற உலோகம். முடுக்கிய அன்று கெட்டியாக இருக்கும், அதிர அதிர அமுங்கி வயர் தளர்ந்துவிடும். அது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் பேனல் எரிந்தது.

விசாரணையில் அத்தான் வாய் கூசாமல் சொன்னார். "நான் எதுவும் சொல்லல. அவ கை அப்படி." வேலை போனது. அக்காவும் அவர் பேச்சைத்தான் நம்பினாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

எட்டு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் மாணவர் ரோபோ போட்டியின் இறுதி ஆட்டத்தில் என் அணிக்கு எதிரே நின்றது அத்தான் வழிகாட்டும் அணி. பார்வையாளர் வரிசையில் அக்காவும் இருந்தாள்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு அணியின் வயரிங்கை எதிர் அணியின் வழிகாட்டி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தாளின் கடைசிக் கட்டத்தில் 'ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன்' என்று இருக்கும்.

அவர்கள் ரோபோவின் மூடியைத் திறந்து காட்டியது கண்ணாடி போட்ட ஒரு பெண். வயரிங் முழுக்க அவள் வேலையாம். வயர்களை நிறம் பிரித்துக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தாள். பேட்டரி வயரின் முனை ஸ்குரூவுக்கு வெளியே துளி நீட்டிக்கொண்டிருந்தது. பளபளவென்று.

சால்டர்.

மனுஷன் திருந்தவே இல்லை. இரண்டு நாள் ஆட்டத்தில் அதிர்ந்த வயர் அது, ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். சொன்னால் ஐந்து நிமிடத்தில் முனையை வெட்டி, புதிதாகச் சீவி முடுக்கிவிடுவார்கள். நான் ஏன் சொல்ல வேண்டும்? எல்லார் முன்னாலும் அவர் மூக்கு உடையட்டும். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

"சரியா இருக்கா மிஸ்?" என்றாள் அந்தப் பெண்.

"ரொம்ப அழகா இருக்கும்மா," என்றேன்.

ஆட்டம் தொடங்கி ஒன்றரை நிமிடம் அவர்கள்தான் முன்னால். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பலகையிலிருந்து தடக்கென்று இறங்கியதும் அவர்கள் ரோபோ அப்படியே செத்துப்போனது. விளக்குகூட எரியவில்லை. நாங்கள் ஜெயித்தோம். என் பிள்ளைகள் குதித்தார்கள். எங்கள் அணித் தலைவி நெட்டை என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

கீழே இறங்கியதும் அத்தானின் முகத்தைத்தான் தேடினேன். அது உடைந்திருக்கவில்லை. நடுவர் மேசை முன்னால் நின்று மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வயரிங் எல்லாம் இந்தப் பொண்ணு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"சார், நீங்கதானே..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எதுத்துப் பேசாத. உன் கை அப்படி."

அவள் தன் கையைக் குனிந்து பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நல்ல மனசு என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். என் அடி அந்தப் பெண் மேல் விழுந்து, அந்த ஆள் மறுபடியும் தப்பிக்கிறாரே என்கிற ஆத்திரம்தான். போய் அவர்கள் ரோபோவைத் திறந்தேன். பேட்டரி வயர் ஏற்கெனவே கழன்று கிடந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாக இழுத்தேன். நான்கு கையோடு வந்தன.

"முனையில சால்டர் வைக்கச் சொன்னது யாரும்மா?"

"சார்தான்."

"எதுக்குன்னு சொன்னாரு?"

அத்தான் முந்திக்கொண்டார். "அது சும்மா, பளபளன்னு இருக்கும், ஒரு அழகுக்காக..."

மைக் அவர் கையில்தான் இருந்தது. அந்த வார்த்தை அரங்கம் முழுக்கக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

"இதையேதான் அன்னிக்கு எங்கிட்டயும் சொன்னீங்க அத்தான்," என்றேன்.

இனித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நடுவர் தாளை எடுத்துப் பார்த்தார். "அப்போ இதுல எல்லாத்தையும் இழுத்துப் பாத்ததா நீங்க டிக் போட்டிருக்கீங்களே?"

"இழுக்கல. சால்டரைப் பார்த்தேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்பது விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் வெற்றி ரத்து, கோப்பை அவர்களுக்கு. கண்ணாடிப் பெண் அதை வாங்கப் போகும்போது அத்தான் பக்கம் திரும்பவே இல்லை. என் பக்கமும்தான். அக்கா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அத்தான் பின்னாலேயே ஓடினார்.

எங்கள் மேசைக்குத் திரும்பினேன். பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள்.

நெட்டை மட்டும் கேட்டாள். "நீங்க இழுத்துப் பாக்கலயா மிஸ்?"

"இல்ல."

அவள் எங்கள் ரோபோவின் மூடியைத் திறந்தாள். அதில் பேட்டரிப் பக்கத்து வயர்கள் ஏழும் நானே முடுக்கியவை. அவள் உட்கார்ந்து, அந்த ஏழையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.