நஜ்மா போட்ட தளம்

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தன் தோட்டத்தில் ஒரு கான்கிரீட் தளம் போட நஜ்மாவுக்கு ஒரு கொத்தனார்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஊரில் சிமெண்டுக் கடை வைத்திருந்தவன் அவளுடைய அண்ணன் மொஹசின். போகாதே என்று அவன் சொன்னால் யாரும் போகமாட்டார்கள்.

சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஆட்கள் தங்க இடமில்லாமல் அலைந்த காலம் அது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதில் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். மொஹசினுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் நஜ்மாவின் பங்கு. வாப்பா அசன் முகைதீன் மௌத்தானபோது, வீடு மகனுக்கு, தோட்டம் மகளுக்கு என்று ஜமாத் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தது தெருவுக்கே தெரியும். புருஷன் தலாக் சொல்லி அனுப்பிய தங்கைக்கு நாம்தானே சோறு போடுகிறோம், அவளுக்கு எதற்குத் தனியாகத் தோட்டம் என்று மொஹசின் நினைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒருநாள் ஆளை விட்டு அளக்கச் சொன்னான்.

நஜ்மா அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அளக்க வந்தவன் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். அவளும் தள்ளி நின்றாள். அவன் போன பிறகுதான் அது உறைத்தது. என் மண்ணில் நின்ற என்னை எவனோ நகரச் சொன்னான், நானும் நகர்ந்தேனே என்று அன்று முழுக்க மனசு எரிந்தது.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவள் பேச்சை எடுத்தாள். தோட்டத்தில் பெரிய கிரைண்டர் போடப் போவதாகவும், அறைகளில் தங்கியிருக்கிறவர்களுக்கு இட்லி மாவு அரைத்து விற்கப் போவதாகவும் சொன்னாள். கம்பெனி கேண்டீனில் வேலை பார்த்தபோது அந்த மாதிரி கிரைண்டரை ஓட்டிப் பழகியிருந்தாள். ஓடும்போது ஆடாமல் இருக்க அடியில் தளம் போடவேண்டும், மேலே ஒரு தகரக் கூரையும் வேண்டும் என்றாள்.

மொஹசின் சிரித்தான். "உனக்கு இங்க இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் இருக்குதா இல்லியான்னு நான்தாண்ணே சொல்லணும்."

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அவன் மனைவி சைதா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம்தான் கொத்தனார்கள் வராமல் போனார்கள். துளசிராமன் கொத்தனார் மட்டும் அதை மறைக்காமல் சொன்னார். தளம் போடுவது அரை நாள் வேலைதான், ஆனால் நாளைக்கு உங்கள் அண்ணன் கடையில் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்றார். நஜ்மாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே தோண்ட ஆரம்பித்தாள்.

அவள் குழி வெட்டுவதை மொஹசின் போகும்போதும் வரும்போதும் பார்த்தான். கை கொப்புளித்தால் தானாக நிறுத்திவிடுவாள் என்று விட்டுவிட்டான். கொப்புளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். உடைந்த செங்கலைக் கொட்டி, கட்டையால் இடித்துக் கெட்டித்தாள். கும்மிடிப்பூண்டிக் கடைக்காரர்கள் எல்லாம் மொஹசினுக்கு வேண்டியவர்கள் என்பதால், கேண்டீன் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்த பணத்தோடு ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், சிமெண்டையும் ஜல்லியையும் மணலையும் ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். அவள் தலைகுனியவில்லை.

அடுத்த தெரு முத்தம்மா துளசிராமனிடம் சித்தாள் வேலை செய்கிறவள். அவளை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பூசுகிற கரணையும் மட்டக்கட்டையுமாகத் தானே வந்து நின்றாள்.

"உனக்கு நாளைக்கு வேலை குடுக்கமாட்டாங்களேக்கா" என்றாள் நஜ்மா.

"குடுக்காங்காட்டி போறாங்க. இத்தினி வருசமா சட்டி தூக்கிக்கினு கீறேன், ஒருநாளு கரணைய என் கைல குடுத்தாங்களா? இன்னிக்கு நானே புடிக்கிறேன்."

இரண்டு பேரும் சுற்றிலும் பலகை அடித்துக் கலவை போட்டார்கள். முதல் கலவையில் தண்ணீர் கூடிப்போய்க் கூழாக ஓடியது. முத்தம்மா தன்னையே திட்டிக்கொண்டு மேலும் சிமெண்டைக் கொட்டிக் கிளறினாள். அதற்கப்புறம் கை வந்துவிட்டது. வெயில் ஏறி, இருவர் முதுகும் நனைந்து, பாதிக்கு மேல் கொட்டி மட்டம் தட்டியிருந்தபோது ஜும்ஆ தொழுகை முடிந்து மொஹசின் சாப்பிட வந்தான்.

வெள்ளைச் சட்டையோடு பின்வாசலில் நின்று பார்த்தான். நிறுத்தச் சொன்னான். நஜ்மா நிறுத்தவில்லை. அவன் இறங்கி வந்தான். ஈரத் தளத்தின் மேலேயே ஏறி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்தான். செருப்பு புதைந்து புதைந்து எழுந்தது. முத்தம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நஜ்மா குனிந்து அவன் மிதித்த இடத்தில் கலவையைப் போட்டு மட்டக்கட்டையால் இழுத்துச் சரிசெய்தாள். அவன் திரும்பி நடந்தான். அவளும் திரும்ப இழுத்தாள்.

"வாப்பா எனக்குக் குடுத்த எடம்ணே இது" என்றாள், நிமிராமல். "நீ மிதிச்சிக்கினே இரு. நான் பூசிக்கினே இருக்கேன். பொழுது போறதுக்குள்ள யாரு களைச்சுப்போறாங்கன்னு பாத்துடலாம்."

அக்கம்பக்கத்துச் சுவர்களுக்கு மேல் தலைகள் தெரிந்தன. மொஹசினின் கால் கணுக்கால்வரை சிமெண்டாகியிருந்தது. அவன் சைதாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். சைதா ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். அவன் கால் கழுவ ஓரமாகப் போய் நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போய், வாளியை நஜ்மாவின் கலவைக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மொஹசின் கொஞ்ச நேரம் மனைவியையே பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டான்.

தளம் இறுகியது. ஒரு மூலை கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. அங்கே கட்டை கொடுத்து கிரைண்டரை நிறுத்தினார்கள். மொஹசின் பின்வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டான். நஜ்மா வேலியைப் பிரித்துச் சந்துப் பக்கம் வழி வைத்துக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழேயே குடியேறினாள். முத்தம்மாவுக்கு ஒரு மாதம் வேலை இல்லாமல் போனது. அந்த மாதம் அவள் நஜ்மாவோடு உளுந்து கழுவினாள். பிறகு துளசிராமனே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

அண்ணன் பேசவில்லை. பெருநாள் அன்றைக்கும் பேசவில்லை. அன்று நஜ்மா தனியாக அழுதாள். ஆனால் போய்க் கதவைத் தட்டவில்லை.

சில மாதங்கள் கழித்து ஜமாத் பெரியவர் ஒருவரை மொஹசின் அனுப்பினான். தளம் இருக்கட்டும், மீதித் தோட்டத்திலாவது அறை கட்ட விடவேண்டும் என்று அவர் தயவாகப் பேசினார். நஜ்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"என்கிட்ட கேக்கணும்னு அண்ணனுக்குத் தோணுச்சே, அதுவே சந்தோசம்" என்றாள். "ஆனா முடியாதுன்னு சொல்லிடுங்க. கேக்கறதுன்னா அவரே வந்து கேக்கட்டும். அப்பவும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்."

பெரியவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஷிப்ட் விடுகிற நேரம். சந்தில் பாத்திரங்களோடு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். நஜ்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாவை அள்ளப் போனாள்.