கருகாத பலகை

சிலிபினில் தேவாலய மண்டபத்தின் பின்பக்கம் நடக்கும் பாலர் பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் நேரம். புதுத் தரைப்பலகைமேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார்கள்.

"குளுகுளுன்னு இருக்குக்கா. பாயே வேணாங்குதுங்க," என்றாள் ஆசிரியை ட்ரேசி.

கிறிஸ்டினுக்குப் பெருமையாக இருந்தது. லகாட்டில் பிளாஸ்டிக் தரைப்பலகை செய்யும் தொழிற்சாலையில் அவள் வேதியியலாளர். இயந்திரச் சூட்டில் பிளாஸ்டிக் கருகாமல் இருக்க அங்கே காலங்காலமாக ஈயப்பொடி கலந்து வந்தார்கள். அதை அறவே நீக்கி, கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்த பொடியைக் கொண்டு அவள் புதுக் கலவை செய்திருந்தாள். முதலாளி லியோங் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சோதனை ஓட்டத்தில் ஒரு பலகைகூடக் கருகக் கூடாது; கருகினால் பழையபடி ஈயம்தான். ஒன்றும் கருகவில்லை. அந்தப் பலகைகளைத்தான் இங்கே பதித்திருந்தார்கள்.

தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில், சுவரோரம் அறுத்துப் பதித்த பலகையின் விளிம்பை ஏதோ ஒரு பிள்ளை நகத்தால் சுரண்டி வைத்திருந்தது. வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தது. ஈயம் இல்லை என்று உறுதிசெய்ய இரவல் வாங்கி வந்த சோதனைக் கருவியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். திரையில் ஈயம் என்று காட்டியது. கருவியைத் துடைத்துவிட்டு வேறு பலகையில் வைத்தாள். அங்கும் ஈயம்.

"என்னக்கா, பாஸா?"

"எல்லாரையும் எழுப்பு ட்ரேசி. வேற ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. கைய நல்லா சோப்பு போட்டு கழுவி விடு."

தொழிற்சாலையின் கலவை அறையில் சதாசிவம் இருந்தார். கிறிஸ்டினின் அப்பா அந்தோணிமுத்துவும் அவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் விற்கப்பட்டதும் சதாசிவம் இங்கே வந்தார். அன்றிலிருந்து கலவை இயந்திரம்தான். அவருடைய வலது மணிக்கட்டு கொஞ்ச காலமாகத் தொங்கிப்போய் இருந்தது. சட்டைப் பித்தானை இடது கையால்தான் போடுவார். அந்த மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் அவள் புதுக் கலவையை ஆரம்பித்தாள்.

"மாமா, என் கலவையில பழைய பொடி போட்டீங்களா?"

அவர் பயப்படவில்லை. சிரித்தார். "மொத பலகை லேசா மஞ்சளா வந்துச்சுமா, கருகப் போற மாதிரி. லியோங் பார்த்திருந்தா உன் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஒரு சிரட்டை அள்ளிப் போட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் லா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்னே? தோட்டத்துல, ஸ்டோருக்குப் போறதுக்குள்ள ரப்பர் பால் உறைஞ்சிடக் கூடாதுன்னு வாளியில கொஞ்சம் அமோனியா ஊத்துவோமே, அது மாதிரிதான். உங்கப்பனும் ஊத்துனவன்தான். நம்ம புள்ள தோக்கக் கூடாதுல்ல?"

"அந்தப் பொடிதான் மாமா உங்க கைய இப்படி ஆக்கியிருக்கு."

"அட போ பாப்பா. இது பால்கத்தி புடிச்ச கை. அப்படித்தான் இருக்கும்."

அவளால் கோபப்பட முடியவில்லை. சாமான் அறைக்குப் போய் நின்றாள். அலமாரியில் இடுக்கு அடைக்கும் சிலிகான் பசைக் குழாய்கள் இருந்தன. பலகையின் மேல்பூச்சு இன்னும் பல வருஷம் தாங்கும். அறுத்த விளிம்புகளை மட்டும் அடைத்துவிட்டால் போதும். புதுக் கலவைக்கு லியோங் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு இயந்திரச் சூட்டைக் குறைத்து எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம்; சதாசிவம் இனி ஈயத்தைத் தொடவே வேண்டாம். குழாயைக் கையில் எடுத்தாள். சுரண்டிய தூள் எந்த நகத்தில் இருக்கிறது, அந்த நகம் எந்த வாயில் இருக்கிறது என்று நினைப்பு ஓடியது. குழாயை வைத்துவிட்டு லியோங்கைப் பார்க்க மாடியேறினாள்.

லியோங் குறுக்கே பேசாமல் கேட்டார். இன்றே பலகைகளைப் பெயர்த்துவிடச் சொன்னார். தேவாலயத்துக்குத் தன் செலவில் தரை ஓடு பதித்துத் தருவதாகவும் சொன்னார். பிறகு மலாயில் கேட்டார்: "ஆக, ஈயம் இல்லாமல் உன் கலவை கருகுகிறது. அப்படித்தானே?"

"சூட்டைக் குறைத்து இன்னொரு தடவை ஓட்டினால்..."

"பேசினது பேசினதுதான், கிறிஸ்டின்." பேனாவை மூடினார். "யார் போட்டது?"

பெயரைச் சொன்னால் சதாசிவத்தை இன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில் அவருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?

"என் தவறு," என்றாள். "நான்தான் பக்கத்தில் இருந்து கவனித்திருக்க வேண்டும்."

திங்கட்கிழமை கலவை அறையில் பழைய ஈயப்பொடி மூட்டைகள் மறுபடியும் வந்து அடுக்கப்பட்டிருந்தன. சதாசிவம் ஒரு மூட்டையைப் பிரித்து, தொங்கும் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி அள்ளிக்கொண்டிருந்தார். முகமூடி கழுத்தில் கிடந்தது.

"முகமூடியப் போடுங்க மாமா."

"மூச்சு முட்டுதுமா." அவளைப் பார்த்ததில் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. "ஆபீஸ்ல என் பேர சொல்லலையாமே. கேள்விப்பட்டேன். அந்தோணிமுத்து புள்ளன்னா சும்மாவா லா!"

அவர் சிரித்தபோது மீசையில் படிந்திருந்த வெள்ளைப்பொடி உதட்டில் உதிர்ந்தது. நாக்கால் துடைத்துக்கொண்டு அடுத்த சிரட்டையை அள்ளினார்.