மதினாவிலிருந்து வீடு கட்டியவர்

ஷைமாதான் முதலில் உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர்க் குழாய்கூட இன்னும் மாட்டவில்லை. டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள் சாயங்காலம், புது வீட்டுக் கழிப்பறைக்குள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பீங்கான் மேல் குந்திக்கொண்டு, "மகாராணி வந்திருக்கேன், கதவைச் சாத்துங்க" என்று கத்தினாள். எட்டாவது படிக்கிற பிள்ளை செய்கிற வேலையா இது! சாத்துவதற்குக் கதவே கிடையாது, வெறும் நிலைதான் நின்றது. "எந்திரிடி கழுதை, சிமெண்டு காயல" என்று அதட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மகள் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"வெயிலு மூஞ்சிலேயே அடிக்குதும்மா. இப்படி வச்சா சாயங்காலத்துல யாரு உக்காருறது?"

வென்டிலேட்டர் வழியாக, இறங்குகிற சூரியன் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் திசை நினைவுக்கு வந்தது. சூரியன் இறங்குவது மேற்கே. ஐந்து வேளையும் நாங்கள் தொழுவதும் மேற்கு பார்த்துத்தான். தொழுகிற திசையான கிப்லாவுக்கு முகத்தையோ முதுகையோ காட்டிக்கொண்டு கழிப்பறையில் உட்காரக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஊர் முழுக்க எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் பீங்கான் தெற்கு வடக்காகத்தான் இருக்கும். நான் கட்டிய வீட்டில் மட்டும் அது மேற்கைப் பார்த்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "யா அல்லாஹ்! எந்திரிடி மொதல்ல!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் பிள்ளை விழத் தெரிந்தாள்.

இப்படி வைக்கச் சொன்னது வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர். ஹுமாயூன் மச்சான் மதினாவில், பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே, தொழுகை விரிப்பு விற்கிற கடையில் வேலை பார்த்தார். ஷைமா தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவர். கடைசி லீவில் வந்தபோது கடைக்கால் போடுவதற்கு அவரே நூல் பிடித்தார். அதற்குப் பிறகு வீடு முழுக்கப் போனிலேயே வளர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் கூப்பிடுவார். நான் வாடகை வீட்டுக் கூடத்தில் ரிசீவரைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் மட்டம் வந்துவிட்டது, தளத்துக்குப் பலகை அடிக்கிறார்கள், பூச்சு வேலை ஆரம்பித்தாயிற்று என்று சொல்வேன். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்களிடம் போட்டோ எடுத்துக் கொடுத்தனுப்புவேன். போன மாதம் கழிப்பறைப் பேச்சு வந்தபோது, "பீங்கானைக் கெழக்கு மேற்காத்தான் வைக்கணும். கிப்லாவுக்கு நேரா வந்துடப்போவுது, மேஸ்திரிட்ட நல்லா சொல்லிடு" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். நபிகளின் ஊரில் இருக்கிற மனுஷர் கிப்லாவைப் பற்றிச் சொல்கிறார், நான் யார் மறுத்துப் பேச?

வீடு முடிந்ததும் எக்சிட்டில் வந்துவிடுவேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. சவூதியிலிருந்து வருகிற ஆண்களில் எங்கள் ஊரைப் பொறுத்தவரை இரண்டே சாதி. ரீ-என்ட்ரியில் வருகிறவர் லீவு முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியவர். எக்சிட்டில் வருகிறவர் அங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறவர். மச்சான் எக்சிட்டில் வரவேண்டும் என்பதற்காகத்தான் நான் ஒண்டியாக வெயிலில் நின்று செங்கல்லுக்கும் மணலுக்கும் காவல் காத்தேன். ஆனால் வீடு முடிகிற மாதிரி வரும்போதெல்லாம் இவர் ஒன்றைச் சேர்ப்பார். தளம் போட்டதும், முன்னால் இரண்டு தூண் வைத்து ஆர்ச் எடுக்கலாமா என்றார். ஆர்ச் எடுத்ததும் மாடிப்படிக்கு கிரானைட் என்றார். படி முடிந்ததும் மாடியில் ஒரு பால்கனி. எங்கள் தெருமுனை வீட்டுக்காரர் இப்படித்தான் வீடு, பிறகு மாடி, பிறகு மகள் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இன்னும் சவூதியில் தம்மாமிலேயே இருக்கிறார். பளிங்குத் தரையில் அவர் மனைவி மட்டும் தன்னந்தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பார்க்காமல் நடையை எட்டிப் போடுவேன். இவருக்கு வரவே மனசில்லையோ, அதைச் சொல்ல வாய் வராமல்தான் ஆர்ச்சும் பால்கனியுமாகப் பேசுகிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலையில் இராமலிங்கம் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். வாலிகண்டபுரத்து ஆள். டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, துப்பிவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் பாயம்மா, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? வாஸ்துப்படி தெக்கு வடக்காத்தான் வைக்கணும்னு தலதலயா அடிச்சுக்கிட்டனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க வாஸ்து எங்களுக்கு எதுக்குன்னு சொன்னேன்."

"ஆங்!" என்றார். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சித்தாள் அம்சவள்ளி சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க சாமியும் உங்க சாமியும் ஒத்துப்போன ஒரே எடம் இந்தக் கக்கூசுதான். அதுலயும் நீங்க குறுக்க வுழுந்துட்டீங்க" என்றார் மேஸ்திரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது, என்ன செய்ய. டைல்ஸை உடைக்க வேண்டும், தரையைக் கொத்த வேண்டும், குழாயைத் திருப்ப வேண்டும், பீங்கான் முழுசாகக் கழன்று வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பெரம்பலூர் போய் வேறு வாங்கவேண்டும் என்றார். அடிங்க, உடைங்க, அதை அப்படியே விட்டுவிட்டு இந்த வீட்டில் ஒரு நாள் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மச்சானை வாங்கு வாங்கென்று வாங்க வேண்டும் என்று மத்தியானம்வரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

போன் வந்தது. ஸலாம் சொன்னார். பதில் சொன்ன கையோடு, "மச்சான், கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? தெக்கே."

சண்டைக்கு எடுத்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் வீணாய்ப் போனது. மக்கா இருப்பது மதினாவுக்குத் தெற்கே. அங்கே எல்லோரும் தெற்கைப் பார்த்துத்தான் தொழுவார்கள். ஷைமாவின் வயசு அளவுக்கு, ஐந்து வேளையும் தெற்கு தெற்கென்று நின்ற மனுஷர், வேறு எந்தத் திசையை நினைப்பார்?

"நம்ம ஊருல, லப்பைக்குடிக்காட்டுல, மச்சான்?" என்றேன் மெதுவாக.

அந்தப் பக்கம் கடைக்குள் யாரோ உருதுவில் விலை கேட்பது மட்டும் கேட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வாசல்ல நின்னு, ஹாலத் தாண்டி, வலது கைப் பக்கம்னு மனசுல நடந்து பாத்துட்டுத்தான் சொன்னேன் ஜரீனா" என்றார். "டெய்லி படுக்கும்போது அப்படித்தான் நம்ம வூட்டுக்குள்ள போவேன். எல்லாம் கண்ணு முன்னாடி தெரியும். இப்ப... நான் எந்தப் பக்கம் பாத்து நின்னேன்னே தெரியலயே." கோபப்பட்டாலாவது பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷரையா வரவே மனசில்லாதவர் என்று நினைத்தோம் என்றிருந்தது.

"அதுக்கென்ன, மேஸ்திரி ஒடச்சு மாத்திடுவாரு. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றேன். வந்துவிடுங்கள் என்று கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

பீங்கான் முழுசாகவே கழன்று வந்தது. அதைத் தெற்கு வடக்காகத் திருப்பிப் புதைத்து, உடைந்த டைல்ஸுக்கு அதே நிறம் கிடைக்காமல் கொஞ்சம் வெளிறிய நீலத்தில் ஒட்டினோம். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ஆர்ச்சைப் பற்றியோ கிரானைட்டைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. கேள்விகள்தான் கேட்டார். விசித்திரமான கேள்விகள். அடுப்படி ஜன்னலில் வெயில் எப்போது வருகிறது? மழை சாரல் எந்த ரூமுக்குள் அடிக்கிறது? கூடத்தில் படுத்தால் வெள்ளாற்றுக் காத்து காலில் படுமா, தலையில் படுமா? "இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், குடி போகாத வூட்டுல?" என்று முதலில் எரிந்து விழுந்தேன். பிறகு நானே போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் ஷைமா பள்ளிக்கூடம் போனதும் வீட்டைத் திறந்து, ஒவ்வொரு ரூமாகப் போய்ச் சும்மா நிற்பேன். ஒருநாள் கூடத்தில் சிமெண்டுச் சாக்கை விரித்துப் படுத்தே பார்த்தேன். மேஸ்திரி உள்ளே வந்தவர், "என்ன பாயம்மா, ஒடம்புக்கு முடியலயா?" என்று பதறிப்போனார். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கிறேன் என்றால் நம்புவாரா? இத்தனை நாளும் சிமெண்டு மூட்டையையும் கம்பியையும்தான் பார்த்திருக்கிறேன், வீட்டைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை வந்தால் சொல்வதற்கு நிறைய இருந்தது. காத்து தலைமாட்டில்தான் வருகிறது மச்சான், போர்வை இல்லாமல் படுக்க முடியாது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னவோ பிள்ளை பிறந்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, "டிக்கெட் போட்டாச்சு" என்றார்.

எக்சிட்டா, ரீ-என்ட்ரியா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு அவர் தடுமாறிவிட்டால்? அவரும் சொல்லவில்லை. சொல்லாததே ஒரு பதில்தானே என்று ஒரு மனசு சொன்னது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வேன் வந்து புது வீட்டு வாசலில் நின்றபோது தெருவே கூடிவிட்டது. வாடகை வீட்டில் பெட்டி வைக்க இடமில்லை, அதனால் இங்கேயே இறக்கச் சொல்லியிருந்தேன். பெட்டிகளோடு கயிறு போட்ட ஒரு சின்னக் கட்டும் இறங்கியது. மச்சானுக்கு முடி கொட்டியிருந்தது, தொப்பை விழுந்திருந்தது. ஷைமா அத்தாவைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று வெட்கப்பட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள். எதிர்வீட்டு மாமி உள்ளேயே வந்துவிட்டார். ஊர் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்: "எத்தன மாசம் லீவு தம்பி?"

"இருப்போம் மாமி, இன்ஷா அல்லாஹ்" என்றார் இவர் சிரித்துக்கொண்டு.

இருப்போமா? இது என்ன பதில்? என் முகம் போன போக்கைப் பார்த்து மாமி மெல்ல நழுவிவிட்டார். மச்சான் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுப்படி ஜன்னலில் கையை நீட்டி வெயிலைத் தொட்டார். கழிப்பறையில் அந்த வெளிறிய டைல்ஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பள்ளியில் சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொன்னார்கள். கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் விரிப்பை விரித்தார். நேராகத் தெற்கே, மாடிப்படியைப் பார்த்து.

நான் குனிந்து விரிப்பின் முனையைப் பிடித்து மேற்கே திருப்பினேன். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி அதோடு கூடவே திரும்பினார். காது மடல் சிவந்துவிட்டது.

"பழகிடும்" என்றார்.

"பழகுறதுக்குள்ளதான் கெளம்பிடுவீங்களே!"

இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது பட்டென்று வந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தச் சின்னக் கட்டப் பிரிக்காத, அதுல ஒண்ணுமில்ல" என்றார். உடனே கையைத் தூக்கி "அல்லாஹு அக்பர்" என்று தொழ நின்றுவிட்டார். தொழுகிறவரிடம் சண்டை போட முடியுமா? நன்றாகத் தெரிந்துதான் போய் நின்றுகொண்டார்.

பிரிக்காதே என்றால் விட்டுவிடுகிறவளா நான்? ஆத்திரத்தோடு கட்டை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், அன்றைய சமையலுக்குக் கொண்டுவந்திருந்த அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தேன். மேலே ஒரு கம்பளி, நூல் பிரிந்தது. அதற்குள் அடிப்பிடித்த டீ கெட்டில், கைப்பிடி இல்லாத ஒரு வாணலி, அவர் சாப்பிடுகிற தட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தலையணை. உறை பழுப்பேறி, நடுவில் குழி விழுந்து, அவர் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனையோடு இருந்தது. ரீ-என்ட்ரியில் லீவுக்கு வருகிறவன் சென்ட் பாட்டில் கொண்டுவருவான், சாக்லேட் கொண்டுவருவான். அங்கே தலை வைத்துப் படுத்த தலையணையை எவனாவது தூக்கிக்கொண்டு வருவானா?

கூடத்தில் அவர் நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் இருந்தார். நான் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு கிரானைட் படியில் வெறுங்காலோடு ஏறினேன். கண்ணீர் கண்ணை மறைத்ததில் ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மொட்டை மாடியில் வெயில் இன்னும் தணியவில்லை. தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவர்மேல் தலையணையைக் காயவைத்தேன். எதிர்வீட்டு மாமி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நான் தலையணையைப் புரட்டி, எண்ணெய்க்கறை படிந்த பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன்.